பாதி வாடகை

"இதே வூடு புதுப்பட்டினத்துல ஒம்பதாயிரம். இங்க இன்னா கேக்கறீங்க?" என்றாள் அம்சா.

புதுப்பட்டினத்தில் ஏறி, கடப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள் அவளும் தமிழ்ச்செல்வியும்.

"நாலரை," என்றார் வீட்டுக்காரர் கோதண்டராமன்.

அம்சா உடனே தலையாட்டிவிடவில்லை. அடிபம்பை அடித்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். லேசாக உப்பு கரித்தது. சமையலுக்கும் குடிக்கவும் ஆகும். கேன் தண்ணீர் வாங்க வேண்டாம். மீன் கரையிலேயே கிடைக்கும். சிலிண்டர்தான் எங்கே போனாலும் ஒரே விலை.

"நாலு வச்சிக்கோங்க."

அவர் மறுக்கவில்லை.

தமிழ்ச்செல்வி அந்தப் புழுக்கத்திலும் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். தையல் மெஷின் போட ஜன்னலோரம் இடம் இருந்தது. இங்கே ரவிக்கை தைக்க என்ன கூலி கொடுப்பார்கள் என்று அவரிடமே கேட்டாள்.

"அங்க வாங்கறதுல பாதிகூட வராதும்மா. அவங்கல்லாம் மாசச் சம்பளம். இங்க கடல நம்பி கீற ஜனம்."

அவள் முகம் வாடிப்போயிற்று. வாடகையில் மிச்சமாவதைக் கூலி தின்றுவிடும். திரும்பிப் போய்விடலாம் என்பதுபோல் அம்சாவைப் பார்த்தாள்.

அம்சா அந்தப் பார்வைக்கு இடம் கொடுக்கவில்லை.

"துணி அங்கேர்ந்தே வரும். நீ இங்க தை."

"நான் அங்க போவமாட்டேன்."

"உன்ன யாரு போவச் சொன்னா? நான் போய் வாங்கியாறேன். தச்சத நானே குடுத்துட்டும் வரேன்."

தமிழ்ச்செல்வி மறுபடி ஜன்னலோரம் போய், மெஷினை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் வெளிச்சம் விழும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

அம்சா முன்பணத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டே கோதண்டராமன் கேட்டார்.

"அம்மாவும் பொண்ணும் மட்டுந்தானா? மாப்ள எப்ப வருவாரு?"

"வருவான். தேடிகினு வருவான். உள்ள வுடாதீங்க. அழுவான், கால்ல வுழுவான், இனிமே கை நீட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணுவான். நம்பிடாதீங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெத்த பொண்ணுக்கு இப்பிடி ஆனா எந்தத் தாய்க்குத்தான் மனசு தாங்கும்."

அம்சா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவ என் மருமவ," என்றாள். "நான் பெத்தது அவனத்தான்."