நான்கு வரு

“அந்தச் சங்கதிய உங்கப்பா யாருகிட்ட கத்துக்கிட்டாரு?” என்று கீழ்வீட்டு மரகதம் அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் ஃபிளாட் ஆண்டு விழாவில் அப்பா ஒரு பழைய பாட்டில் வரும் “வருவாயோ” என்பதை “வரு வரு வரு வருவாயோ” என்று பாடி, பலத்த கைதட்டல் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டுக் கீறல் விழுந்த சிடியில் பாட்டு அங்கேதான் சிக்கும். அதைக் கேட்டுத்தான் அவர் பாடம் செய்தார். நான் சிரித்து மழுப்பினேன்.

எல்லோரும் “பாகவதரே” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பால் வாங்கப் போகக்கூட அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார்.

அக்காவின் மகள் தாரிகா செல்போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டாள். “அங்கிள், இதுல ஒரு ‘வரு’தான் இருக்கு.”

“போன்ல வெட்டிப் போடுவாங்கம்மா. சிடிதான் அசல்.”

எங்கள் பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. அக்காவின் பழைய காரில் சிடி ஓடும் என்பதால் நால்வரும் அதில் ஏறி உட்கார்ந்தோம். “வரு வரு வரு வரு வரு வரு” என்று பாட்டு நகரவே இல்லை. அப்பாவின் கை தானாக நீண்டு டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டியது. “வாயோ” என்றது பாட்டு.

“விழாவுல மைக்கையும் இப்படித்தான் தட்டுனீங்க அங்கிள்.”

அப்பா கதவைத் திறந்தார். சிடியைக்கூட எடுக்காமல் படியேறிப் போனார்.