அறுபது தலைகள்

“மணி என்னடி?”

“இப்பதானே கேட்ட. அப்ப நாலு பதினொண்ணு. இப்ப நாலு பன்னெண்டு.”

செயலாளர் மறுபடியும் மேடையிலிருந்து இறங்கி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஈ காக்கை இல்லை. நூலகத்துக்கு அடியில், தரைக்குக் கீழே இருந்த புது அரங்கில் இருநூறு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. மூன்று தடவை வரிசையைச் சரிசெய்துவிட்டாள். யாராவது உட்கார்ந்தால்தானே கலையும்? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, நாலாவது தடவையும் சரிசெய்தாள்.

மாணவர் சங்கத்தின் செயலாளர் அவள். பொருளாளர், முதல் வருஷத்திலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி. சங்கத்தில் மற்றவர்கள் யார் யார் என்று இருவருக்குமே நிச்சயமாகத் தெரியாது.

விஷயம் என்னவோ பெரியதுதான். எட்டு மணிக்குக் கிளம்பும் கடைசிப் பல்கலைக்கழக பஸ்ஸை அடுத்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்கள். “யாருக்கும் அக்கறை இல்லாத பஸ் எதுக்கும்மா?” என்று கேட்டார் மாணவர் நல அதிகாரி. “அக்கறை இருக்கு மேடம்!” என்று இவள் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். “அப்படியா? கூட்டம் போடுங்க. நாலரைக்கு நானே வந்து தலை எண்றேன். அறுபது இருந்தா பஸ் ஓடும். ஒண்ணு குறைஞ்சாலும் ஓடாது” என்று முடித்துவிட்டார் அவர்.

பஸ் இல்லையென்றால் இவளுக்கு ஆய்வகமும் இல்லை. இறுதியாண்டு ஆராய்ச்சிக்காகத் தினமும் ஏழரை வரைக்கும் அங்கே இருந்தாக வேண்டும். வீடோ ஊருக்கு அந்தக் கோடியில். ‘பஸ் நின்னா அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்துடணும்’ என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

“குரூப்புல முந்நூறு பேர் கட்டைவிரலைத் தூக்கினாங்கடி. அந்த இயர்போன்கூட ‘வந்துடறேன்க்கா’ன்னான்.”

இயர்போன் முதலாண்டு மாணவன். காதிலிருந்து ஒயரைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

“நீ கேட்டது மொதல்ல அவன் காதுல விழுந்துச்சா?” என்றாள் பொருளாளர்.

“கிண்டல் அப்புறம் பண்ணு. மேல போய், கண்ணுல படறவங்களை எல்லாம் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வா. இங்க சிக்னலும் இல்ல, ஒருத்தரைக் கூப்பிடவும் முடியல.”

பொருளாளரின் போன் ஒலிபெருக்கியோடு இணைந்து யாருமில்லாத அரங்குக்கு வரவேற்பு இசை வாசித்துக்கொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடியவள், பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்கத் தனியாகத் திரும்பினாள்.

“கேன்டீன் காலி. புல்தரை காலி. ஸ்டாண்டுல வண்டிங்க எல்லாம் அப்படியே நிக்குது, ஆளுங்களைத்தான் காணோம்.”

“எங்கயாவது கவுந்தடிச்சுப் படுத்திருக்கும்ங்க.”

“நோட்டீஸைப் பாக்கலையோ என்னவோ?”

“இருபத்தெட்டு இடத்துல என் கையால ஒட்டினேன். குரூப்புலயும் அதையே போட்டேன். எவ படிக்கிறா, எவன் படிக்கிறான்? போன வருஷ நோட்டீஸையே எடுத்து, தேதியை மாத்தி, பஸ் விஷயத்தை ஒரு வரி சேர்த்து அடிச்சேன். ‘அனைவரும் திரண்டு வாரீர்’னு அதே பழைய வசனம். ஒருத்தராவது கண்டுபிடிச்சாங்களா?”

நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. அதிகாரியும் வரவில்லை.

“பாத்தியா? இங்க ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு அந்தம்மாவுக்கே தெரிஞ்சிருக்கு.”

அவள் மேடையேறினாள். மனப்பாடம் செய்த பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, காலி நாற்காலிகளைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“உங்களுக்கெல்லாம் சூடு சொரணை இருக்கா? நாளைக்கு பஸ் இல்லாம ரோட்டுல நிக்கறப்ப ‘அக்கா, அக்கா’ன்னு வருவீங்கல்ல, அப்ப பேசிக்கறேன்!”

“கடைசி வரிசைக்குச் சரியா கேக்கல” என்றாள் பொருளாளர். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. செயலாளருக்கு அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் பரபரவென்று எழுதினாள்.

‘கூட்டத்துக்கு வரக்கூட அக்கறை இல்லாதவர்களோடு இனி வேலை செய்ய முடியாது. ராஜினாமா செய்கிறேன்.’

கையெழுத்தை அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

படியேறி வெளியே வந்ததும் அவள் கையிலிருந்த போன் துடித்தது. நாற்பத்து மூன்று தவறிய அழைப்புகள். என்ன ஏதென்று பார்ப்பதற்குள், மைதானத்தைக் கடந்து அதிகாரி வேகவேகமாக வந்தார். அவருக்குப் பின்னால், தூரத்தில், பலத்த கைதட்டல் கேட்டது.

“எங்கம்மா போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்? ஒரு மணி நேரமா எல்லாரும் தேடறாங்க!”

“கீழதான் இருந்தோம் மேடம். ஒருத்தர்கூட வரல. இந்தாங்க” என்று கடிதத்தை நீட்டினாள்.

“ஒருத்தர்கூடவா? முந்நூத்திப் பதினாலு பேரும்மா! ரெண்டு தடவை எண்ணினேன். இடம் பத்தாம ஜன்னல்ல எல்லாம் ஏறி உக்காந்திருக்காங்க. ஒரு பையன் காதுல இருந்து ஒயரைக் கழட்டி வச்சுட்டு, மேசை மேல ஏறிப் பேசினான் பாரு, நானே கைதட்டிட்டேன். பஸ் ஓடும்மா!”

“ஆனா மேடம், கூட்டம் இங்கதானே...”

பொருளாளர் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துப் பிரித்தாள். கடைசி வரியில், போன வருஷம் கூட்டம் நடந்த இடம் அப்படியே இருந்தது: ‘பழைய கட்டடம், பெரிய ஹால்.’

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராஜினாமாக் கடிதத்தைப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

“அட, இதையேதாம்மா அவங்களும் ரெண்டாவது தீர்மானமாப் போட்டிருக்காங்க. உன்னைப் பத்தி.”