பச்சை வந்தால் சொல்

"என்ன கலர்ல எரியுது, பாத்து சொல்லு."

ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு அவன் நிமிர்ந்தான். மேலே சட்டையும் டையும், கீழே பழைய அரைக்கால் சட்டை. கேமராவில் தெரிகிற பாதிக்கு மட்டும் மரியாதை போதும் என்று நினைத்திருந்தான்.

இன்டர்வியூவுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. வெளிநாட்டு வேலை. மூன்று வருடம். குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது.

அங்கேயே வேலை பார்க்கும் மனைவியின் அண்ணன் யார் யாரையோ கெஞ்சி வாங்கிக் கொடுத்த வாய்ப்பு அது. அண்ணன் ஒன்று சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அவளும் பேசவில்லை. "நல்ல இடம்தான்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நேற்று வரை நெட் ஒழுங்காகத்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் அவனே உட்கார்ந்து ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட்டான். வேகம் கூடுமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

பெட்டி அணைந்து எழுந்தது. லேப்டாப்பில் வீட்டு வைஃபையின் பெயரையே காணோம்.

பச்சை விளக்கு எரிந்தால் லைன் இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை. சங்கடம் என்னவென்றால் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவிக் கோளாறு. கல்யாணமான நாளிலிருந்து தக்காளி பழமா காயா என்பதற்குக்கூட அவள் சொல்வதுதான் கணக்கு. அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஸ்டூலில் ஏறி, அலமாரியின் மேலிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

பச்சை. கண்ணைப் பறிக்கிற பச்சை.

"செவப்புதாங்க," என்றாள்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

அவன் கேபிளைக் கழற்றி மாட்டினான். சிவப்பு. வேறு பிளக்கில் செருகினான். சிவப்பு. முதல் பொய்தான் அவளையே திடுக்கிட வைத்தது. மூன்றாவது பொய் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

போதாததற்கு அவள் கைப்பேசி வேறு டிங் என்றது. புதிதாக ஒரு வைஃபை இருப்பதாகக் காட்டியது. பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் அதே பெயர். அப்டேட்டில் வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் அழிந்து கம்பெனி வைத்த பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அவள் கைப்பேசியை மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் தள்ளினாள்.

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. இவ்வளவு ஆசையா இவனுக்கு, எங்களை விட்டுப் போக? அவளுக்குக் கோபமாக வந்தது. அடுத்த நொடியே, நம்பிக் கேட்கிறவனை இப்படி ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அவன் டையைத் தளர்த்தினான். தன் கைப்பேசியை எடுத்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டான். நெட் கடைசி வரை வரவில்லை என்றான். அண்ணன் ரவுட்டர் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். இனி அந்த இடம் வேறு ஆளுக்குத்தான் என்றார்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி அவன் பின்னால் வந்து நின்றாள்.

திரையில் அண்ணனின் முகம் கண்ணாடி போலத் தெரிந்தது. மீசையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகள்கூடத் தெரிந்தது. பேச்சு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எல்லாம் கைப்பேசியின் சொந்த டேட்டா. அதை லேப்டாப்புக்குக் கொடுக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஊர்ப்பட்ட ஆபீஸ்களுக்கு நெட் இணைத்துக் கொடுப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

"பச்சையே வரலையா?" அண்ணன் விடுவதாக இல்லை.

"எனக்குத்தான் கலர் தெரியாதே மச்சான். உங்க தங்கச்சியவே கேளுங்க."

தரையைப் பார்த்தபடியே கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

"செவப்புதாண்ணே," என்றாள் அவள்.