ஒரே ஒரு குமிழி

“பொண்ணுக்கு என்ன வேலை?” என்று கேட்டாள், விழுப்புரத்திலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க வந்த அம்மாள்.

“என் வேலைதாங்க,” என்றார், திண்டிவனத்தில் பங்க்சர் கடை வைத்திருக்கும் கண்ணையன். “டியூப்ல காத்தடிச்சு, தண்ணியில முக்கி, குமிழி வருதான்னு பாத்துக்கினு இருக்கா.”

அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். “பங்க்சர் ஒட்டுற பொண்ணா? வாடா, போலாம்!”

“ஒட்டுறது இல்லீங்க,” என்றாள் கண்ணையனின் மகள் அஸ்வினி. “நாங்க செய்யறது செயற்கை நுரையீரல். அதுக்குள்ள முடி மாதிரி பாலிமர் டியூபுங்க, ரத்தத்துக்கு ஆக்சிஜன் குடுக்கும். ஒரு குமிழி வந்தாலும் கழிச்சுக் கட்டிடுவேன். நான் கையெழுத்து போட்டாதான் ஆஸ்பத்திரிக்குப் போவும்.”

அந்த அம்மாள் சட்டென்று உட்கார்ந்தாள். “முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? எங்களுக்குப் பூரண சம்மதம்!”

கண்ணையன் மகளைப் பார்த்தார்.

அஸ்வினி சிரித்தாள். “குமிழி வந்துடுச்சுப்பா!”