இரண்டு வாளி பியர்

குழாயின் ஒரு முனையை வாளிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார் அம்புரோஸ். பியர் ஏறி வந்ததும் முனையை எடுத்து முதல் பாட்டிலுக்குள் செருகினார்.

ஒரு மடக்கு வாயிலேயே தங்கிவிட்டது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"என்ன, பூசை முடிஞ்சுதா?" என்றாள் அவர் மனைவி பிலோமினா.

"இந்தத் தடவை உப்பு இல்ல, பிலோ. நீயே குடிச்சுப் பாரு."

வாளிகள் இரண்டும் உப்பு மாட்டிறைச்சி வந்த வாளிகள். கடைக்காரர் சும்மா கொடுத்தார். முன்பு அவற்றில் காய்ச்சியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உப்பிறைச்சி வேகவைத்த சாறு மாதிரியே இருந்தது. ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் குடித்தார்கள். இந்த முறை பிலோமினா சமையல் சோடாவில் ஊறவைத்துத் தேய்த்து, துணி காயும் கொடியில் வாளிகளைக் கட்டிக் கடல்காற்றில் ஆடவிட்டிருந்தாள்.

முளைதானிய மால்ட் பாகு பாதி, சர்க்கரை பாதி. கசப்புக்கு, வீட்டுக்குப் பின்னால் குன்றில் ஒடித்த ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கொழுந்து. அதற்குக் காசு வேண்டாம்.

நான் பக்கத்து வீடு. பாட்டிலில் மூடி அழுத்துவது என் வேலை.

"மூடிதானேப்பா அது, எவனோட தாடையும் இல்ல. மெதுவா அழுத்து," என்றார் அம்புரோஸ்.

தரையெல்லாம் ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய காலி பாட்டில்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குடும்பத்தின் பெயர். மீன் ஆலை மூடியபின் கடையில் பியர் வாங்க இங்கே யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. அம்புரோஸிடம் வாங்கினார்கள். வீட்டுக்குக் காய்ச்சிக் குடித்தால் குற்றமில்லை, விற்றால் குற்றம். போன வாரம்தான் பக்கத்துத் துறைமுக ஊரில் ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்துவிட்டுப் போயிருந்தது.

அம்புரோஸ் வேறு என்ன செய்வார்? இந்த இரண்டு வாளி விற்றால்தான் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அடுப்பெண்ணெய். இல்லையென்றால் மகன் டெர்மட் சொல்வதுபோல் வீட்டைப் பூட்டிவிட்டு நாட்டின் மறுபக்கம் ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட வேண்டியதுதான். அவன் அங்கே எண்ணெய் வயலில் வெல்டர். போனபின் இந்தப் பக்கமே வந்ததில்லை. ஞாயிறுதோறும் போனில் அதே பேச்சு: என் வீட்டு நிலவறை காலியாத்தான் இருக்கு, வந்துடுங்க.

"நிலவறையில கிடக்க நான் என்ன உருளைக்கிழங்கா?" என்பார் அம்புரோஸ்.

சில ஞாயிறுகளாகப் போன் வரவில்லை.

ஆறாவது பாட்டில் நிறைந்துகொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

எங்கள் ஊரில் யாரும் தட்டுவதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வருவார்கள். பாதிரியாரும் அப்படித்தான். தட்டினால் வெளியாள். சுற்றுலாக்காரர்கள் போய்விட்ட இந்தப் பருவத்தில் வெளியாள் என்றால் போலீஸ்.

அம்புரோஸ் குழாயைக் கட்டைவிரலால் நெரித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மறுபடி தட்டினார்கள். அவசரமில்லாத தட்டல்.

பிலோமினா வாளியின் பிடியைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எனக்குப் புரிந்தது. பியர் இருந்தால்தான் பெட்டிகளில் உள்ள பெயர்கள் விற்பனைக்குச் சாட்சி. இல்லாவிட்டால் அவை வெறும் காலி பாட்டில்கள்.

நாங்கள் இருவரும் முதல் வாளியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தோம். நுரை தண்ணீர்க் குழாய் உயரத்துக்கு எழுந்தது. சமையலறை முழுக்கக் காட்டு மணம். நான் மூடி போட்ட பாட்டில்களை நானே திறந்து ஊற்றினேன்.

இரண்டாவது வாளியை அம்புரோஸ் தூக்கினார். தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கவிழ்த்தார்.

பிலோமினா ஜன்னலைத் திறந்துவிட்டாள். அம்புரோஸ் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

படியில் டெர்மட் நின்றிருந்தான்.

மெலிந்து, தாடி வளர்ந்திருந்தான். கையில் ஒன்றுமில்லை. "அப்பா," என்றான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

பிலோமினா ஈரக்கையோடு ஓடிப் போனவள், கணவரின் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நின்றாள். தொட்டி கடைசி மடக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன்டா தட்டுன?" என்றார் அம்புரோஸ்.

அவன் படியில் நின்றபடியே கவிழ்ந்து கிடந்த வாளிகளைப் பார்த்தான். பெயர் எழுதிய பெட்டிகளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"எங்களைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்க? நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்க. ரெண்டு வாளியும் காலி. வர்றோம், போ."

"இல்லப்பா."

சாலைப் பக்கம் தலையைத் திருப்பினான்.

அம்புரோஸ் அவன் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார். அங்கே என்ன பார்த்தார் என்று சமையலறையில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

"வெளிய போ," என்றார். பிலோமினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கதவைச் சாத்திட்டுப் போ. திரும்ப, வீட்டுப் பிள்ளை வர்ற மாதிரி வா."

கதவு சாத்தப்பட்டது. படியிறங்கும் சத்தம். பிறகு வண்டியின் பின்கதவு விழுந்து திறக்கும் சத்தம்.

தட்டாமல் தள்ளித் திறந்துகொண்டு வந்தான். கையில் கருவிப்பெட்டியும் வெல்டிங் முகமூடியும். அவற்றைச் சுவரோரம் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மறுபடி போனான். அடுத்த தடவை பனிக்கால உடுப்புகள் பிதுங்கிய பெரிய பை.

மூன்றாவது தடவை தலையில் மெத்தையோடு வந்தான். அது வாசலில் சிக்கிக்கொண்டது.

அம்புரோஸ் போய் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.