காட்டுப் பாதையில் ஒரு முதுகு

“கார், லாரி எதுவும் வராத பாதை. ரெண்டு பக்கமும் பழைய மரங்கள். நீயும் நானும் சைக்கிள்ல போயிட்டே இருக்கலாம்.”

“அவ்வளவு தூரம் நான் மிதிப்பேனா?”

“நான் இருக்கேன்ல?”

கல்யாணத்துக்கு முன் அவன் அப்படிச் சொன்ன அதே காட்டுப் பாதை. எத்தனை முறை வந்தாலும் அவள் கண்ணெதிரே அவன் முதுகுதான்.

“ஆஹா, முன்னாடி ஓடை தெரியுது பாரு!”

“எனக்கு உங்க சட்டையில ஓடுற வேர்வைதான் தெரியுது.”

“பேச்சைக் குறைச்சுட்டு நல்லா மிதி. மேடு வருது.”

“அதையும் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணும்!”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? பேசாம பின்னாடி வா.”

அவளுக்குச் சுரீரென்றது. பெடலை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள். அந்த நொடியே அவன் கால்களும் அசையாமல் நின்றன. முன்னும் பின்னுமாக இரண்டு சீட் வைத்து, இருவரும் சேர்ந்து மிதிக்கிற ஒற்றை சைக்கிள் அது. அவள் மிதிக்காமல் அவனால் மிதிக்க முடியாது.

“ஏய், என்னடி பண்றே?” தடுமாறிக் காலூன்றினான்.

அவள் இறங்கி முன்னால் வந்தாள். ஒவ்வொரு பயணத்திலும் தொண்டை வரை வந்ததை இன்று விழுங்கவில்லை.

“நீங்க பின்னாடி போய் உட்காருங்க. ஹேண்டில்பாரை என்கிட்ட கொடுங்க.”