காலியானால் தாழும் கார்

ரோஜாக் கட்டுகளை ஏற்றவும், மருந்தடிக்கும் டேங்க்கைப் பின்னால் கட்டி இழுக்கவும் ஒரு பழைய டீசல் கார் தேடி அலுத்துவிட்டோம். அடுத்துப் பார்க்கும் வண்டியும் சரிப்படாவிட்டால் பாகலூர்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று நானும் என் மனைவி சென்னம்மாவும் முடிவு செய்திருந்தோம்.

ஜூஜுவாடியில் தரகர் முனிராஜ் காட்டிய நீளக் கார், காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தது.

"ஸ்பிரிங் போயிருச்சாப்பா?"

"புது ஸ்பிரிங்குங்க ஐயா. லோடு வெச்சிப் பாருங்க."

பாரம் ஏற்றிப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் வண்டி வாங்குவதில்லை. உர மூட்டைகளை அடுக்கினோம். பின்பக்கம் மெல்ல உயர்ந்து சமமாக நின்றது.

"மூட்டைக்கு எடம் குடுத்து யாரோ எறங்குன மாதிரி இருக்குதே" என்றாள் சென்னம்மா.

வாங்கினோம். வண்டி உழைத்தது. ஓசூர்ப் பூச்சந்தையில் பாரத்தை இறக்கியதும் அது தாழாது. நான் டீ குடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபின்தான் தாழும். பாகலூரிலிருந்து நடந்து வந்தால் அவ்வளவு நேரம் ஆகும்.

நேற்று சென்னம்மா பின்சீட்டில் ஓர் ஓரத்தைக் காலியாக விட்டுவிட்டு, மிச்சக் கட்டுகளைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"ஏன்டி எடத்த வீணாக்கற?"

"எனக்கே காலு வலிக்குது. அவுங்களும் எத்தன நாளைக்கி நடப்பாங்க?"

வழி முழுக்கப் பின்பக்கம் தாழ்ந்தே வந்தது. சந்தையில் கதவைத் திறந்தேன். சாய்த்து வைத்த கட்டுகள், மடியில் வைத்துப் பிடித்து வந்ததுபோல், ஓர் இதழும் கசங்காமல் நிமிர்ந்து நின்றன.